"படிச்சிட்டேன்" என்று சொல்லும் பிள்ளைக்குத் தெரியுமா, தெரியாதா?

வடசென்னையின் கொருக்குப்பேட்டையில் நாங்கள் சிலர் சேர்ந்து ஒரு மாலை வகுப்பு நடத்துகிறோம். அங்கே நான் அதிகம் கேட்கும் சொல் "படிச்சிட்டேன்க்கா" என்பதுதான். ஆறாம் வகுப்புக் குழந்தையும் சொல்லும், பத்தாம் வகுப்புப் பையனும் சொல்வான். வீட்டில் அம்மா கேட்டாலும் அதே பதில். பிள்ளைகள் தாமாகக் கற்பது என்றால் என்ன என்பதை விளக்க இந்தச் சொல்லிலிருந்தே தொடங்குகிறேன். விஷயத்தில் பாதி இதற்குள்தான் இருக்கிறது.

ஒரு நாள் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் அறிவியல் பாடத்தை என் கண்ணெதிரே மூன்று முறை வாசித்தான். நல்ல பிள்ளை, ஏமாற்றத் தெரியாதவன். புத்தகத்தை மூடச் சொல்லி, "இப்போ என்ன படிச்சேன்னு சொல்லு" என்றேன். முதல் வரி வந்தது. இரண்டாவது வரியில் பாதி வந்தது. அப்புறம் விட்டத்தைப் பார்த்தான். "தெரியும்க்கா, வாயில வர மாட்டேங்குது" என்றான்.

அவன் பொய் சொல்லவில்லை. மூன்றாம் முறை வாசிக்கும்போது வரிகள் எல்லாம் பழகிய முகங்களாகத் தெரியும், எங்கேயும் தடுக்காது. அந்தச் சரளத்தை நம் மனம் 'தெரிந்துவிட்டது' என்று எடுத்துக்கொள்கிறது. பெரியவர்களுக்கும் இப்படித்தான். வேண்டுமானால் பார்ப்போம். 2017-இல் வந்த நீல நிற 50 ரூபாய் நோட்டின் பின்பக்கம் என்ன படம் இருக்கிறது? பர்ஸைத் திறக்காமல் சொல்லுங்கள். எத்தனை முறை கை மாறிய நோட்டு அது! ஹம்பியின் கல்தேர் என்று சட்டெனச் சொன்னவர்கள் எங்கள் வகுப்புக்கு வரும் பெற்றோர்களில் ஒருவரோ இருவரோதான். படத்தைக் காட்டினால் எல்லோரும் "அட, இதுதானே" என்பார்கள். பார்த்தால் அடையாளம் தெரிவது வேறு, பார்க்காமல் எடுத்துச் சொல்ல முடிவது வேறு. பரீட்சை கேட்பது இரண்டாவதை. வாழ்க்கையும் பெரும்பாலும் அதைத்தான் கேட்கிறது.

தனக்கு எது தெரியும், எது தெரியாது என்று பிள்ளைக்கே தெரிய வேண்டும். தானாகக் கற்பதன் அடித்தளம் இதுதான் என்பது என் கருத்து. அமெரிக்க உளவியலாளர் ஜான் ஃபிளாவெல் 1970-களில் இந்த 'அறிதலைப் பற்றிய அறிதலுக்கு' ஒரு தனிப் பெயரே வைத்து ஆராய்ந்தார். நமக்குப் பெயர் முக்கியமில்லை. இந்தத் திறன் பிறவியிலேயே சிலருக்கு வாய்ப்பது அல்ல, பழக்கித் தரக்கூடியது. அதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் போதும்.

தனியாக விடுவது இல்லை

'சுயமாகப் படிக்கிற பிள்ளை' என்றதும் பலர் நினைப்பது, யாரும் சொல்லாமலே மூலையில் உட்கார்ந்து படிக்கும் பிள்ளையை. அப்படி ஒரு பிள்ளை இல்லையே என்று திட்டுவார்கள். சுயமாகப் படிப்பது குணம் இல்லை, வேலை. அந்த வேலைக்கு மூன்று பகுதிகள் உண்டு. இன்றைக்கு எதைப் படிப்பது, எவ்வளவு, எப்படி என்று முடிவு செய்வது முதல் பகுதி. படிக்கும்போதே 'புரிகிறதா, எங்கே விட்டுப்போகிறது' என்று கவனிப்பது இரண்டாவது. படித்து முடித்ததும் சரிபார்த்து, அடுத்து என்ன என்று தீர்மானிப்பது மூன்றாவது.

இந்த மூன்றையும் இப்போது யார் செய்கிறார்கள் என்று பாருங்கள். வியாசர்பாடியிலோ தண்டையார்பேட்டையிலோ ஒரு சாதாரண டியூஷனில், மாலை ஐந்தரைக்குப் பிள்ளை நுழைகிறது. எதைப் படிக்க வேண்டும் என்று டியூஷன் மிஸ் சொல்வார். எந்தக் கேள்வி முக்கியம் என்று பென்சிலால் குறித்துத் தருவார். ஒப்பிக்கச் சொல்லிக் கேட்பார். தப்பு வந்த இடத்தை அவரே கண்டுபிடித்து, அவரே திருத்தி, "இன்னும் ரெண்டு வாட்டி எழுது" என்பார். பிள்ளையின் பங்கு எழுதுவதும் ஒப்பிப்பதும்தான். யோசிக்கிற வேலை முழுக்க மிஸ்ஸுடையது. டியூஷன் மிஸ்களை நான் குறை சொல்லவில்லை. வீட்டில் படித்தவர்கள் யாரும் இல்லாத பிள்ளைக்கு அந்த ஒரு ஆள்தான் துணை. அப்பா துறைமுகத்தில் லோடு வேலை, அம்மா நாலு வீட்டில் வேலை, பத்துக்குப் பத்து அறையில் ஐந்து பேர் என்ற வீட்டிலிருந்து வரும் பிள்ளை எட்டரை மணி வரை பாதுகாப்பாக ஒரு இடத்தில் இருப்பதே பெரிய விஷயம்.

ஆனால் ப்ளஸ் டூ முடித்துக் கல்லூரிக்கோ பாலிடெக்னிக்குக்கோ போகும் நாளில் அந்த மிஸ் கூட வர மாட்டார். முக்கியமான கேள்வியைக் குறித்துத் தர ஆள் இருக்காது. எங்கள் பகுதியில் நல்ல மார்க்கோடு போன பிள்ளைகள் முதல் செமஸ்டரில் மூன்று அரியர் வைத்துவிட்டு, "எனக்கு மூளை இல்லக்கா" என்று வந்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன். மூளை இருக்கிறது. அந்த மூன்று வேலைகளை அதுவரை யாரும் அவர்கள் கையில் கொடுத்ததில்லை.

கேரம் பலகையில் இருப்பது என்ன?

நம் பிள்ளைகளுக்குத் தாமாகக் கற்கத் தெரியாது என்று யாராவது சொன்னால் நான் அவர்களைத் தெருமுனை கேரம் கிளப்புக்கு அழைத்துப் போவேன். வடசென்னையில் கேரம் எப்படி ஊறியிருக்கிறது என்று சொல்ல வேண்டியதில்லை. 2024-இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமா, புது வண்ணாரப்பேட்டைப் பெண். ஆட்டோ ஓட்டுநரின் மகள்.

பள்ளியில் 'கவனம் இல்லாதவன்' என்று பெயரெடுத்த பையன் அங்கே ஒரே கட் ஷாட்டை இருபது முறை அடித்துப் பார்ப்பான். ஒவ்வொரு முறையும் காய் எங்கே போகிறது என்று அவன் கண்ணுக்கே தெரிகிறது. யாரும் மார்க் போட வேண்டியதில்லை. தவறினால் ஸ்ட்ரைக்கரை அரை விரல் தள்ளி வைக்கிறான். பக்கத்தில் நிற்கும் அண்ணன் "மெதுவா அடி" என்று ஒரு வார்த்தை சொல்வார், ஸ்ட்ரைக்கரைப் பிடுங்கித் தானே அடித்துக்காட்ட மாட்டார். நான் சொன்ன மூன்று வேலைகளும் அங்கே நடக்கின்றன. என்ன பழக வேண்டும் என்று முடிவெடுக்கிறான், கவனிக்கிறான், திருத்துகிறான்.

பாடப் புத்தகத்தில் அந்த வசதி இல்லை. பக்கத்தை வாசித்து முடித்தால் காய் குழியில் விழுந்ததா இல்லையா என்று காட்ட எதுவும் கிடையாது. அதைக் காட்டும் ஏற்பாட்டை நாம்தான் செய்து தர வேண்டும். நல்லவேளையாக அது மிகச் சுலபம், காசு செலவும் இல்லை.

புத்தகத்தை மூடுவது

ஒரு பக்கம் வாசி. மூடு. ஞாபகம் இருப்பதை எல்லாம் ரஃப் நோட்டில் எழுது, அல்லது வாய்விட்டுச் சொல். பிறகு புத்தகத்தைத் திறந்து, விட்டுப்போனதை வேறு நிற பேனாவால் சேர். முறை இவ்வளவுதான்.

இதன் பின்னால் உறுதியான ஆராய்ச்சி இருக்கிறது. 2006-இல் ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்பிக்கி என்ற இருவர் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களிடம் ஒரு சோதனை செய்தார்கள். சிலர் ஒரு பகுதியை வாசித்துவிட்டு மறுபடியும் வாசித்தார்கள். சிலர் ஒரு முறை வாசித்துவிட்டு, பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துப் பரீட்சை வைத்தபோது மறுபடி வாசித்தவர்களே முன்னால் இருந்தார்கள், 81-க்கு 75 சதவீதம். ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழ். பார்க்காமல் எழுதியவர்களுக்கு 56 சதவீதம் நினைவில் இருந்தது, மறுபடி வாசித்தவர்களுக்கு 42. இன்னொரு சோதனையில், ஒரு வாரம் கழித்து எவ்வளவு நினைவிருக்கும் என்று மாணவர்களையே கேட்டபோது, திரும்பத் திரும்ப வாசித்தவர்களுக்குத்தான் தன்னம்பிக்கை அதிகம் இருந்தது. ஒரு வாரம் கழித்து அவர்களுக்குத்தான் குறைவாக நினைவிருந்தது. நம் பையனின் 'படிச்சிட்டேன்' அங்கேயும் அப்படியே இருக்கிறது.

அதனால் ஒரு எச்சரிக்கை. இந்த முறையைத் தொடங்கும் பிள்ளைக்கு முதல் வாரம் பிடிக்கவே பிடிக்காது. வாசிக்கும்போது கெட்டிக்காரனாகத் தெரிந்தவன், மூடியதும் ஒன்றும் தெரியாதவனாகிவிடுகிறான். "எனக்கு இது செட் ஆகலக்கா" என்பான். அந்தத் திணறல்தான் கற்றல் நடக்கும் இடம் என்று அவனிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஞாபகத்திலிருந்து இழுத்து எடுக்கும் ஒவ்வொரு முறையும் அடுத்த முறை எடுப்பது சுலபமாகிறது. ரஃப் நோட்டை நீங்கள் மார்க் போடுவதற்காக வாங்கிப் பார்க்கவே கூடாது. பார்த்தால் அது இன்னொரு பரீட்சையாகிவிடும், பிள்ளை புத்தகத்தைத் திறந்து வைத்து அழகாகக் காப்பியடித்து எழுதி வரும். அந்த நோட்டு அவனுக்கானது.

மூடி எழுதுவதும் மனப்பாடமும் ஒன்றா என்று ஒரு அம்மா கேட்டார். நியாயமான சந்தேகம். ஓம் விதியை எடுத்துக்கொள்ளுங்கள். வரையறையை எழுத்துப் பிசகாமல் ஒப்பிப்பது ஒரு வகை. 'வெப்பநிலை மாறாமல் இருக்கும்போது மின்னழுத்தத்தைக் கூட்டினால் மின்னோட்டமும் அதே விகிதத்தில் கூடும்' என்று தன் சொல்லில் சொல்வது வேறு வகை. "அப்போ மின்னழுத்தம் ரெண்டு மடங்கானா மின்னோட்டம் என்ன ஆகும்?" என்று கேட்டால் முதல் வகைப் பிள்ளை விழிக்கும். இரண்டாவது வகைப் பிள்ளை கொஞ்ச நேரம் யோசித்து "ரெண்டு மடங்கா?" என்று கேள்வியாகவாவது சொல்லும். மனப்பாடத்தை நான் எதிரியாகப் பார்க்கவில்லை. செய்யுள், வாய்ப்பாடு, சூத்திரம் எல்லாம் மனதில் இருந்தால்தான் அதை வைத்து யோசிக்க முடியும். ஆனால் அதோடு நின்றுவிடக் கூடாது. 'ஏன்', 'மாற்றினால் என்ன ஆகும்' என்ற இரண்டு கேள்விகளை ஒவ்வொரு பக்கத்திலும் பிள்ளையே எழுதிப் பழகட்டும்.

வண்ண ஹைலைட்டர் வாங்கித் தரும் பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. அடிக்கோடு போடுவதும் மறுபடி வாசிப்பதும் பிள்ளைகள் அதிகம் நம்பும் முறைகள். 2013-இல் ஜான் டன்லோஸ்கியும் சக ஆய்வாளர்களும் பத்துப் படிப்பு முறைகளை அலசியபோது இரண்டுக்கும் பயன் குறைவு என்றே எழுதினார்கள். அதிகப் பயன் என்று அவர்கள் சொன்னவை இரண்டு: தன்னைத்தானே சோதித்துக்கொள்வது, இடைவெளி விட்டுப் படிப்பது.

இடைவெளியும் கலப்பும்

மறதியைப் பற்றி முதலில் முறையாக அளந்தவர் ஜெர்மானியரான ஹெர்மன் எபிங்ஹாஸ். பொருளில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று அளந்து 1885-இல் வெளியிட்டார். மறதி முதலில் வேகமாகவும் பிறகு மெதுவாகவும் நடக்கிறது. ஒரேயடியாகப் படிப்பதைவிட நாட்களைப் பிரித்துப் படித்தால் குறைந்த உழைப்பே போதும் என்பதும் அவர் கண்டதுதான். பரீட்சைக்கு முந்தின இரவு மூன்று மணி நேரம் படிப்பதைவிட, அதே மூன்று மணி நேரத்தை இன்று, நாளை மறுநாள், அடுத்த வாரம், அடுத்த மாதம் என்று பிரிப்பது மேல். இதற்கு டைம்டேபிள் அட்டை எதுவும் வேண்டாம். தினமும் புதுப் பாடத்தைத் தொடுவதற்கு முன் பத்து நிமிடம் பழைய பாடம், புத்தகத்தை மூடி. ரயில்வே கேட் போட்டுவிட்டால் எங்கள் ஊரில் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பது கொருக்குப்பேட்டைக்காரர்களுக்குத் தெரியும். எட்டாம் வகுப்புப் பெண்கள் இருவர் அந்த நேரத்தில் ஒருவருக்கொருவர் போன வாரப் பாடத்தில் கேள்வி கேட்டுக்கொண்டு நிற்பார்கள். அவர்களுக்கு அதுதான் ரிவிஷன்.

கணக்குக்கு இன்னொன்று வேண்டும். புத்தகத்தில் ஒரு பயிற்சி முழுக்க ஒரே வகைக் கணக்காக இருக்கும். மூன்றாவது கணக்குக்குப் பிறகு பிள்ளை கேள்வியைப் படிப்பதையே நிறுத்திவிட்டு எண்களை மட்டும் மாற்றிப் போடும். பரீட்சையில் 'இது இந்த வகைக் கணக்கு' என்று தலைப்பு இருக்காது. அதனால் நாலு பயிற்சிகளிலிருந்து தலா இரண்டு கணக்கை எடுத்துக் கலந்து கொடுங்கள். டக் ரோரர், கெல்லி டெய்லர் இருவரும் 2007-இல் வெளியிட்ட ஆய்வில் கன அளவு கணக்குகளைக் கலந்து போட்டவர்கள் பயிற்சியின்போது அதிகம் தடுமாறினார்கள். ஒரு வாரம் கழித்து அவர்கள் 63 சதவீதம் சரியாகப் போட்டார்கள், வகை வகையாகப் போட்டவர்கள் 20 சதவீதம்தான்.

சாரம் கட்டுவது போல

பெரியவர்களின் பங்கு என்ன என்பதுதான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது, ஏனென்றால் இங்கேதான் நானே பல வருடம் தப்பு செய்தேன். பிள்ளை "தெர்லக்கா" என்று வந்ததும் உடனே விடையைச் சொல்லிவிடுவேன். அன்பு என்றுதான் நினைத்தேன். பிள்ளைகள் யோசிப்பதற்கு முன்னாலேயே என்னிடம் வரப் பழகிவிட்டார்கள்.

கட்டடம் கட்டும்போது சவுக்குக் கட்டைகளால் சாரம் கட்டுவார்கள் அல்லவா? சுவர் நிற்கும் வரை சாரம் வேண்டும், நின்ற பிறகு ஒவ்வொரு கட்டையாக அவிழ்ப்பார்கள். உட், புரூனர், ராஸ் என்ற மூவர் 1976-இல் சிறு குழந்தைகளுக்கு மரத்துண்டுகளை அடுக்கக் கற்றுத்தரும் விதத்தை ஆராய்ந்தபோது பயன்படுத்திய உவமையும் இதுவே. இரண்டு பக்கமும் தவறு நடக்கலாம். புதுப் பாடத்தை முதல் நாளே "நீயே கண்டுபிடி" என்று விட்டால், அடிப்படை இல்லாத பிள்ளை திணறி வெறுத்துப்போகும். புதியதை நன்றாக விளக்க வேண்டும், போட்டுக் காட்டிய கணக்கு ஒன்றிரண்டு வேண்டும். அப்புறம் பாதி போட்ட கணக்கைக் கொடுத்து மீதியை முடிக்கச் சொல்லலாம். அதற்குப் பிறகுதான் முழுக் கணக்கு. சாரத்தைக் கட்டாமல் விடுவது ஒரு தவறு, அவிழ்க்காமல் விடுவது இன்னொரு தவறு. நம் ஊரில் இரண்டாவதுதான் அதிகம்.

இப்போது "தெர்லக்கா" என்று வரும் பிள்ளையிடம் நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்கிறேன். "எது வரைக்கும் தெரியுது?" முதலில் விழிக்கும். பிறகு புத்தகத்தைப் பார்த்து, "இந்த ஸ்டெப் வரைக்கும் வந்துச்சுக்கா, இங்க ஏன் வகுக்கறாங்கன்னு தெர்ல" என்று விரலை வைக்கும். எல்லாமே தெரியவில்லை என்ற மலை ஒரு வரியாகச் சுருங்கிவிடுகிறது. பாதி நேரம் விரலை வைத்த உடனேயே "ஆங், புரிஞ்சிடுச்சு" என்று ஓடிவிடும். நான் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டேன்.

கொஞ்ச நாள் போனதும் மற்ற வேலைகளையும் ஒவ்வொன்றாகக் கையில் கொடுக்கலாம். இன்றைக்கு எந்தப் பாடம் என்பதைப் பிள்ளையே முடிவு செய்யட்டும், அரை மணிக்கு மட்டும். தவறாகத் தேர்ந்தெடுத்தால் பரவாயில்லை. ஸ்லிப் டெஸ்டில் குறைந்த மார்க் வந்தால் "ஏன் கம்மி?" என்று கேட்பதற்குப் பதில் மூன்று குவியலாகப் பிரிக்கச் சொல்லுங்கள்: படிக்கவே இல்லை, படித்தேன் ஆனால் ஞாபகம் வரவில்லை, தெரிந்தும் கவனக்குறைவு. முதல் குவியல் பெரிதானால் நேரப் பிரச்சினை. இரண்டாவது பெரிதானால் மூடி எழுதும் பழக்கம் வரவில்லை. பிள்ளைக்கே மருந்து தெரிந்துவிடும்.

படிக்காத அம்மா என்ன செய்யலாம்?

"எனக்கே எழுதப் படிக்கத் தெரியாதும்மா, நான் எப்படிச் சொல்லித்தர்றது?" என்று கேட்காத தாய் எங்கள் பகுதியில் குறைவு. அவர்களுக்கு நான் ஒரு பழைய இலக்கண நூலைப் பற்றிச் சொல்வேன். பவணந்தி முனிவரின் நன்னூல், 13-ஆம் நூற்றாண்டு. ஆசிரியர் சொல்வதை எவ்வளவு நன்றாகக் கேட்டாலும் கால் பங்குதான் மாணவனுக்கு வரும் என்கிறது அது. கூடப் படிப்பவர்களோடு பழகிப் பேசினால் இன்னொரு கால். மீதி அரைப் பங்கு, பிறருக்கு எடுத்துச் சொல்லும்போதுதான் வரும். அந்த அரைப் பங்குக்குத் தேவை ஒரு ஆசிரியர் இல்லை, கேட்பதற்கு ஒரு ஆள். அம்மாவுக்குப் பாடம் தெரியாததே நல்லது, ஏனென்றால் புரியாததைப் புரியவில்லை என்று அவர்தான் கூச்சமில்லாமல் சொல்வார்.

காசிமேட்டில் மீன் விற்கும் ஒரு தாயிடம், தினமும் பத்து நிமிடம் மகளைப் பாடம் சொல்லச் சொல்லிக் கேளுங்கள் என்றேன். மகள் ஒன்பதாம் வகுப்பு. அந்த வாரம் வெப்பம் பாடம் நடந்துகொண்டிருந்தது. உள்ளுறை வெப்பத்தின் வரையறையை ஸ்லிப் டெஸ்டில் முழு மார்க்குக்கு எழுதியிருந்த பெண். சொல்லிக்கொண்டே வந்தவளை அம்மா நிறுத்தியிருக்கிறார். "இரு. கூடையில ஐஸ் கரைஞ்சுகிட்டே இருக்குது. தண்ணியா ஓடுது. அப்பவும் மீனு ஜில்லுன்னுதான் இருக்குது. ஐஸ் முழுசா கரைஞ்சப்புறம்தான் சூடாவுது. அது ஏன்?"

மறுநாள் அந்தப் பெண் வகுப்புக்கு வந்ததும் பையை வைத்துவிட்டு, நான் எதுவும் சொல்வதற்கு முன் அறிவியல் புத்தகத்தை எடுத்தாள். பனிக்கட்டி உருகும்போது வாங்கிக்கொள்ளும் வெப்பம் எல்லாம் அதை நீராக மாற்றுவதற்கே போகிறது, உருகி முடியும் வரை வெப்பநிலை பூஜ்ஜியத்திலேயே நிற்கிறது என்ற பத்தியில் விரலை வைத்துக்கொண்டு, "இதைத்தான்க்கா எங்கம்மா கேட்டாங்க, நான் எழுதின விடைதான்க்கா இது" என்றாள். பிறகு ரஃப் நோட்டைத் திறந்து, அம்மாவுக்குப் புரிகிற மாதிரி அதை எப்படிச் சொல்வது என்று எழுத ஆரம்பித்தாள். ஒரு கிராம் பனிக்கட்டி உருக ஏறத்தாழ 80 கலோரி வேண்டும் என்பதைக் கண்டுபிடித்ததும், ஒரு கூடை ஐஸுக்கு எவ்வளவு ஆகும் என்று கணக்குப் போட்டாள். கூடையில் எத்தனை கிலோ ஐஸ் பிடிக்கும் என்று தெரியவில்லை. "அம்மாகிட்ட கேட்டுட்டு வந்து முடிக்கிறேன்க்கா" என்று அந்த இடத்தை மட்டும் காலியாக விட்டு வைத்தாள்.